ஸ்மார்ட் சிட்டிக்கு வந்த பணம் டெல்டாவில் எவ்வளவு நாள் தங்கும்?

2015 ஜூன் 25 அன்று தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டம், பலமுறை நீட்டிக்கப்பட்டு 2025 மார்ச் 31-ஓடு முடிந்துவிட்டது. நம்ம பக்கத்தில் இரண்டு ஊர்கள் அதில் இருந்தன. தஞ்சாவூர் 2016 செப்டம்பரில் தேர்வானது, திருச்சி 2017 ஜூனில். மத்திய அரசு ஒரு நகரத்துக்கு 500 கோடி தரும், அதே அளவை மாநில அரசும் மாநகராட்சியும் சேர்ந்து போடவேண்டும் என்பதுதான் திட்டத்தின் கணக்கு. அதாவது ஒரு ஊருக்குச் சுமார் 1,000 கோடி.

தஞ்சாவூரில் சிவகங்கைப் பூங்கா, அய்யங்குளம், சாமந்தான் குளம், பழைய பேருந்து நிலையம், காமராஜர் மார்க்கெட் என்று பல இடங்களில் வேலை நடந்தது. திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையம், உய்யக்கொண்டான் கரை, குடிநீர் விநியோகத்தைக் கண்காணிக்கும் ஸ்காடா என்ற கணினி அமைப்பு. வேலை தரமாக நடந்ததா, கடைக்காரர்களுக்கு மறுபடி கடை கிடைத்ததா என்பதெல்லாம் பேசவேண்டியதுதான், ஊரில் பேசிக்கொண்டும் இருக்கிறோம். நான் இங்கே கேட்பது வேறு. அந்தப் பணம் எந்தெந்தத் தொழிலுக்குப் போனது, அந்தத் தொழில்கள் டெல்டாவில் ஏற்கெனவே இருக்கும் தொழில்களோடு கோத்துக்கொண்டனவா, இருபது வருடம் கழித்து அந்தத் தொடர்பில் ஏதாவது மிஞ்சுமா? இதைப் பற்றி மாமன்றத்திலும் பேச்சைக் காணோம், தேர்தல் மேடையிலும் காணோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஸ்மார்ட் சிட்டி தொழில் என்று அரசுப் புள்ளிவிவரத்தில் தனியாக ஒரு தொழில் கிடையாது. நெல் அரவை உண்டு, ஜவுளி உண்டு, சிமென்ட் உண்டு, இது கிடையாது. கட்டுமானம், மின்சாதனம், கேபிள், எலக்ட்ரானிக்ஸ், தொலைத்தொடர்பு, மென்பொருள், வடிவமைப்பு ஆலோசனை, பராமரிப்பு சேவை என்று சிதறிக் கிடக்கும் பல தொழில்களின் துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய பெயர் அது. தென் கொரியாவில் 2008லேயே இதற்கென்று ஒரு சட்டம் போட்டார்கள், அப்போது அதற்கு யு-சிட்டி என்று பெயர், சோங்டோ போன்ற ஊர்கள் அந்தக் காலத்து முயற்சிகள்தான். அங்கே இந்தத் தொழில்களையும் மற்ற பொருளாதாரத்தையும் சேர்த்துப் பார்க்க ஆய்வாளர்கள் உள்ளீடு வெளியீடு அட்டவணையைப் பயன்படுத்துகிறார்கள்.

அந்த அட்டவணை என்னவென்று கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், மீதி எல்லாம் அதிலிருந்துதான் புரியும். வாசிலி லியோன்டீஃப் என்ற பொருளாதார அறிஞர் உருவாக்கியது, 1973ல் அதற்காகத்தான் நோபல் வாங்கினார். ஒரு பெரிய கட்டம் போட்ட தாளை நினைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் விற்கும் தொழில்கள், மேலே வாங்கும் தொழில்கள். அரிசி ஆலை நெல்லை யாரிடம் எவ்வளவுக்கு வாங்கியது, மின்சாரத்துக்கு எவ்வளவு, சாக்குக்கு எவ்வளவு, லாரிக்கு எவ்வளவு என்று ஒரு பத்தி முழுக்க இருக்கும். அதே ஆலை அரிசியை எந்த ஓட்டலுக்கு, எந்த மாவு ஆலைக்கு, எந்த வீட்டுக்கு விற்றது என்பது வரிசையில் இருக்கும். ஒரு தொழில் மற்றவர்களிடம் வாங்குவதால் உண்டாகும் தொடர்பைப் பின்னோக்கிய தொடர்பு என்பார்கள், மற்றவர்களுக்கு விற்பதால் உண்டாவதை முன்னோக்கிய தொடர்பு என்பார்கள். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1958லேயே சொன்னது இது: ஒரு புதுத் தொழில் ஒரு பகுதியை வளர்க்குமா என்று பார்க்க அந்தத் தொழிலின் அளவு மட்டும் போதாது, அது எத்தனை பக்கம் கை நீட்டுகிறது என்று பார்க்கவேண்டும்.

இந்தியாவுக்கு இந்த மாதிரி அட்டவணைகளை மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் நாடு முழுவதற்கும் சேர்த்துத்தான் வெளியிடுகிறது. அதை வைத்துத் தஞ்சாவூரைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் நாமே பொருளைப் பின்தொடர்ந்து போய்ப் பார்க்கவேண்டியதுதான்.

ஒரு எல்இடி தெருவிளக்குக் கம்பத்தை எடுத்துக்கொள்வோம். குழி வெட்டின கூலி, ஜல்லி, மணல், கான்கிரீட் போட்ட மேஸ்திரி, அவர்கள் சாப்பிட்ட சாப்பாடு, இந்தப் பணம் ஊரிலேயே விழுகிறது. கம்பத்தின் இரும்பு எங்கோ ஒரு உருக்காலையிலிருந்து வருகிறது. விளக்கின் உடல் வேறு மாநிலத்தில் பூட்டியது, உள்ளே இருக்கும் சில்லு பெரும்பாலும் கடல் கடந்து வந்தது. விளக்கை எப்போது எரியவிடுவது, எது எரியவில்லை என்று சொல்லும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு ஒரு சிம் கார்டு, அதற்கு மாத வாடகை. அந்தத் தகவலைத் திரையில் காட்டும் மென்பொருளுக்கு உரிமக் கட்டணம், அதை எழுதிய நிறுவனம் ஒரு பெருநகரத்தில் இருக்கிறது. ஆக, விலை அதிகமுள்ள பகுதியும் வருடாவருடம் வருமானம் தரும் பகுதியும் ஊரைத் தாண்டிப் போகின்றன, ஒருமுறை கூலி மட்டும் இங்கே தங்குகிறது. பொருளாதாரத்தில் இதைக் கசிவு என்பார்கள். கேமரா, குப்பை வண்டியின் ஜிபிஎஸ், கட்டுப்பாட்டு மையத்தின் பெரிய திரை என்று எதை எடுத்தாலும் ஏறக்குறைய இதே கதைதான், பொருளுக்குப் பொருள் விகிதம் மாறும்.

அப்படியென்றால் இதெல்லாம் வீண் செலவா என்று கேட்டால், நான் அப்படிச் சொல்லமாட்டேன். முதல் வருடத்துக் கணக்கை மட்டும் வைத்து இதை மதிப்பிட முடியாது. மின்சாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எடிசன் நியூயார்க்கில் மின் நிலையம் தொடங்கியது 1882ல். அமெரிக்கத் தொழிற்சாலைகளின் உற்பத்தித்திறனில் அதன் பலன் பெரிதாகத் தெரிந்தது 1920களில். பால் டேவிட் என்ற பொருளாதார வரலாற்றாளர் 1990ல் இதை விளக்கினார். பழைய நீராவி இயந்திரம் இருந்த இடத்தில் ஒரு மின்மோட்டாரை வைத்தால் மட்டும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வைத்து, தொழிற்சாலையின் அமைப்பையே மாற்றி, தொழிலாளர்கள் அதைப் பழகின பிறகுதான் பலன் வந்தது. கணினி எங்கும் தெரிகிறது, உற்பத்தித்திறன் கணக்கில் மட்டும் தெரியவில்லை என்று ராபர்ட் சோலோ 1987ல் சொன்னதும் இந்தக் காத்திருப்புக் காலத்தைப் பற்றியதுதான்.

ஸ்மார்ட் சிட்டிக்கும் மூன்று கட்டம் உண்டு. கட்டும் காலத்தில் சிமென்டும் இரும்பும் கேபிளும் கருவியும் வாங்கப்படுகின்றன, பின்னோக்கிய தொடர்புதான் அதிகம். அப்புறம் பராமரிப்புக் காலம், இதில் பழுது பார்ப்பவரும் உதிரிபாகக் கடைக்காரரும் மென்பொருள் ஆளும் உள்ளே வருகிறார்கள். கடைசியாக, அங்கே உண்டான தகவலையும் திறமையையும் மற்ற தொழில்கள் எடுத்துப் பயன்படுத்தும் காலம். முன்னோக்கிய தொடர்பு அப்போதுதான் பெரிதாகிறது. போக்குவரத்துக்கும் குப்பைக்கும் என்று பல நகரங்களில் அமைத்த கட்டுப்பாட்டு மையங்கள் கொரோனா காலத்தில் நோயாளி விவரத்தையும் ஆம்புலன்ஸையும் கவனிக்கும் அறைகளாக மாறின. யாரும் திட்டமிட்டு அதற்காகக் கட்டவில்லை, ஆனால் இருந்ததால் பயன்பட்டது. மூன்றாம் கட்டம் இப்படித்தான் வரும், ஆனால் எல்லா ஊரிலும் தானாக வரும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

டெல்டாவுக்கு இது புது அனுபவமும் இல்லை. நம்ம பகுதியில் வெளியிலிருந்து பெரிய முதலீடு வந்து தொழில்களைக் கோத்ததும், கோத்தது அறுந்ததும் நூறு வருடத்தில் பலமுறை நடந்திருக்கிறது.

நாகப்பட்டினத்தில் தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை இருந்தது. துறைமுகம், ரயில், பணிமனை என்று மூன்றும் சேர்ந்து அந்த ஊருக்கு ஒரு தொழில் முகம் கொடுத்தன. பணிமனைகளை ஒரே இடத்தில் சேர்ப்பதாக முடிவெடுத்து 1928ல் திருச்சி பொன்மலைக்குக் கொண்டுபோனார்கள். ஆட்குறைப்பை எதிர்த்து அதே வருடம் நடந்த பெரிய ரயில்வே வேலைநிறுத்தம் தமிழகத் தொழிலாளர் வரலாற்றில் முக்கியமானது. பொன்மலை வளர்ந்தது. நாகப்பட்டினத்துக்கு அந்த இடத்தை நிரப்பும் இன்னொரு தொழில் அதற்கப்புறம் அமையவே இல்லை. ஒரு ஊரின் திறமையெல்லாம் ஒரே முதலாளியின் ஒரே வேலையைச் சுற்றி வளர்ந்திருந்தால், அவர் இடம் மாறும் நாளில் ஊரோடு எல்லாம் மாறிவிடும் என்பதை அங்கே போனால் இன்றும் பார்க்கலாம்.

அடுத்தது மத்திய அரசு நிறுவனமான பெல்லின் (BHEL) திருச்சி ஆலை. 1965ல் உற்பத்தி தொடங்கியது, அனல்மின் நிலையங்களுக்கான கொதிகலன்தான் அதன் பெரிய வேலை. அதைச் சுற்றித் துவாக்குடி பக்கம் நூற்றுக்கணக்கான பேப்ரிகேஷன் பட்டறைகள் வந்தன. வெல்டர்கள், பிட்டர்கள், கிரேன் ஓட்டுநர்கள், ஐடிஐ படித்த பையன்கள், கேஸ் சிலிண்டர் விற்பவர்கள், லேத் பட்டறைகள் என்று பின்னோக்கிய தொடர்புக்குப் பாடப்புத்தகத்தில் போடக்கூடிய உதாரணம். திருச்சி வெல்டர் என்றால் வளைகுடா நாடுகளில் மரியாதை கிடைக்கும் அளவுக்குத் திறமை வளர்ந்தது. ஆனால் அந்தப் பட்டறைகளில் பெரும்பாலானவை ஒரே ஆளுக்குத்தான் வேலை செய்தன. 2010களில் அனல்மின் ஆர்டர் குறைந்தபோது பட்டறை பட்டறையாகக் கடனில் மூழ்கியது, பல மூடின. இப்போது அனல்மின் ஆர்டர்கள் திரும்ப வருகின்றன, ஆனால் மூடிய பட்டறையும் வெளியூர் போன வெல்டரும் அதே வேகத்தில் திரும்புவதில்லை.

மூன்றாவது கதைதான் எனக்கு நம்பிக்கை தருவது. 1960களின் தொடக்கத்தில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு இந்தியாவில் முதலில் எடுத்த சில மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று, இங்கே பழைய ஆட்கள் பேக்கேஜ் திட்டம் என்று சொல்வார்கள். விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கொடுப்பது என்பது திட்டம். 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் பரவியது, குறுவை பெருகியது. பெருகிய உடனே ஒரு புதுப் பிரச்சினை முளைத்தது, அறுவடை மழையில் மாட்டிக்கொண்டு நெல் ஈரமாக வந்து குவிந்தது, களத்திலேயே முளைத்தது. அந்த ஈர நெல்லை என்ன செய்வது என்று பார்க்க 1967ல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு சின்ன ஆய்வகம் தொடங்கினார்கள். அது வளர்ந்து நெல் பதப்படுத்தும் ஆய்வு மையமாகி, 1984ல் தஞ்சாவூருக்கு வந்து, இன்று நிஃப்டெம் என்ற பெயரில் உணவுப் பதப்படுத்தும் தொழில்நுட்பத்தை நாடு முழுவதற்கும் சொல்லிக்கொடுக்கும் நிறுவனமாக இருக்கிறது. போர்செட் மெக்கானிக், உரக்கடை, புழுங்கல் அரிசி ஆலை, டிராக்டர் ஷெட், பிற்பாடு அறுவடை இயந்திரத்தின் வாடகைத் தொழில் எல்லாமே அந்த ஒரு தொடக்கத்தைச் சுற்றி வந்தவைதான். அரசு அந்தத் திட்டத்தை எப்போதோ முடித்துவிட்டது, தொழில்கள் இருக்கின்றன. வாங்கும் ஆள் ஒரு நிறுவனமாக இல்லாமல் லட்சக்கணக்கான விவசாயிகளாக இருந்தது முதல் காரணம், உள்ளூர்ப் பிரச்சினை ஒன்று உள்ளூரிலேயே ஒரு ஆய்வகத்தைக் கேட்டு வாங்கியது இரண்டாவது காரணம்.

(அந்தத் திட்டத்தால் நிலமில்லாத கூலித் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி தனி, கீழ்த்தஞ்சையில் அந்தப் பத்தாண்டின் முடிவு எப்படி இருந்தது, 1968ல் கீழ்வெண்மணியில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். பணம் ஊரில் தங்குவதும், தங்கிய பணம் யார் கைக்குப் போகிறது என்பதும் ஒன்றல்ல.)

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஸ்மார்ட் சிட்டியைப் பார்த்தால், இப்போதைக்கு அது பெல் மாதிரியும் நாகப்பட்டினம் மாதிரியும்தான் இருக்கிறது. வாங்கும் ஆள் ஒருவர்தான், மாநில அரசும் மாநகராட்சியும் சேர்ந்து அமைத்த சிறப்பு நிறுவனம். மத்திய அரசின் பணம் நின்றுவிட்டது. இனி கேமராவுக்கும் சென்சாருக்கும் சர்வருக்கும் பராமரிப்புச் செலவு சொத்துவரியிலிருந்தும் குடிநீர்க் கட்டணத்திலிருந்தும்தான் வரவேண்டும், அந்த வருமானம் எவ்வளவு இறுக்கமானது என்பது மாநகராட்சியில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். எலக்ட்ரானிக்ஸ் சாமானுக்கு ஆயுள் ஐந்திலிருந்து பத்து வருடம். அதற்குள் இரண்டாவது வாங்குபவர் உருவாகாவிட்டால், முதல் தொகுதி பழுதாகும்போது அந்தத் தொழிலும் இந்த ஊரிலிருந்து கிளம்பிவிடும்.

இரண்டாவது வாங்குபவர் யார்? டெல்டாவில் அதற்கு நீண்ட யோசனை வேண்டியதில்லை, தண்ணீரும் நெல்லும்தான்.

திருச்சியில் குடிநீர்க் குழாயில் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் அளக்கும் அதே வகைக் கருவியை, அதே வகை மென்பொருளை, வாய்க்கால் மதகில் வைக்கலாம். மேட்டூர் அணை 93.47 டிஎம்சி கொள்ளும், ஜூன் 12 அன்று திறப்பது மரபு, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். அதற்குக் கீழே கிளை ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் எத்தனை எத்தனை மதகுகள். கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பது இன்றும் போன் போட்டுக் கேட்டு, மதகைக் கவனிக்கும் ஊழியரான லஸ்கர் சொல்லி, ஆள் போய்ப் பார்த்துத்தான் தெரியவேண்டியிருக்கிறது. கல்லணைக் கால்வாயைச் சீரமைக்க 2021ல் சுமார் 2,640 கோடி திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள், அது பெரும்பாலும் கரையும் கான்கிரீட்டும் ஷட்டரும். அந்தப் பணத்தில் ஒரு சின்னப் பங்கு நீர்மட்டக் கருவிக்கும் அதைப் பழுது பார்க்கும் உள்ளூர் ஆட்களுக்கும் போனால், மாநகராட்சிக்காகப் பயிற்சி பெற்ற அதே டெக்னீஷியனுக்கு மதகு இரண்டாவது வாடிக்கையாளர் ஆகிவிடும்.

நெல் பக்கம் வாருங்கள். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் என்பது விதி. மழைக்காலத்தில் நெல் அதைத் தாண்டிவிடுகிறது, அதை 22 சதவீதம் வரை தளர்த்தச் சொல்லி மாநில அரசு மத்திய அரசைக் கேட்பது பல வருடங்களில் நடந்திருக்கிறது, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போவதற்குள் சாலையோரம் கொட்டிய நெல் இன்னும் நனைகிறது. ஈரமானிகளைச் சரிபார்ப்பது, நடமாடும் உலர்த்திகள், எந்த நிலையத்தில் எத்தனை மூட்டை தேங்கியிருக்கிறது, எந்தக் கிடங்கில் இடம் இருக்கிறது, எந்த லாரி எங்கே நிற்கிறது என்று ஒரே திரையில் பார்ப்பது, இவையெல்லாம் ஸ்மார்ட் சிட்டிக் கட்டுப்பாட்டு மையத்தில் குப்பை வண்டிக்குச் செய்யும் வேலைக்கு வெகு தூரத்தில் இல்லை. 1967ல் ஈர நெல் ஒரு ஆய்வகத்தை உண்டாக்கியது. அதே ஈர நெல் இப்போது கருவி செய்பவரையும் மென்பொருள் எழுதுபவரையும் உண்டாக்க முடியும் என்றுதான் நினைக்கிறேன், ஆராய்ச்சி நிறுவனம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது, பொறியியல் படித்த பிள்ளைகளுக்கும் இங்கே பஞ்சமில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 2020ல் கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் ஹைட்ரோகார்பன், தாமிர உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவை புதிதாக வரக் கூடாது என்று தடுக்கிறது. நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் மக்கள் போராடின பிறகு கிடைத்த பாதுகாப்பு, அதை யாரும் தளர்த்தக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கனரகத் தொழில் வராது என்று முடிவானபின், நிலத்தையும் தண்ணீரையும் கெடுக்காத தொழில் எது என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாகவேண்டும். உணவுப் பதப்படுத்துதலும் கருவித் தொழிலும் மென்பொருள் சேவையும் அந்தப் பதிலில் முன்வரிசையில் நிற்பவை.

தஞ்சாவூரில் 2024ல் டைடல் நியோ என்ற ஐடி பூங்கா திறந்தது. திருச்சி நாவல்பட்டில் எல்காட் ஐடி பூங்கா அதற்கு முன்பே இருக்கிறது. இங்கே வேலை கிடைத்தால் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறவேண்டாம், சம்பளம் இங்கேயே செலவாகும், அது நல்லதுதான். ஆனால் அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை முழுக்க வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு என்றால், டெல்டாவின் மற்ற தொழில்களோடு அதற்குள்ள தொடர்பு வீட்டு வாடகையும் ஓட்டல் சாப்பாடும்தான். கும்பகோணத்தில் 1904ல் தொடங்கி இன்றும் அங்கேயே தலைமையகம் வைத்திருக்கும் சிட்டி யூனியன் வங்கி இருக்கிறது. அரிசி ஆலைகள், பாத்திரப் பட்டறைகள், திருபுவனம் பட்டு, கோயில் ஊர்களின் தங்கும் விடுதிகள், தனியார் மருத்துவமனைகள் இருக்கின்றன. இவர்கள் மென்பொருளும் கருவியும் வாங்கத்தான் செய்கிறார்கள், வெளியூரிலிருந்து. அந்த வாங்குதலில் ஒரு பங்கு நாவல்பட்டுக்கும் தஞ்சாவூர் டைடலுக்கும் திரும்பினால் உள்ளீடு வெளியீடு அட்டவணையில் காலியாக இருக்கும் கட்டங்கள் நிரம்ப ஆரம்பிக்கும்.

இதில் மாநகராட்சி செய்யக்கூடியவை பெரிய செலவுள்ளவை இல்லை. பராமரிப்பு டெண்டரை ஒரே பெரிய ஒப்பந்தமாக விடாமல், விளக்கு, கேமரா, குடிநீர் மீட்டர் என்று பிரித்துச் சிறு நிறுவனங்களும் கலந்துகொள்ளும் அளவில் விடுவது. பழுது பார்க்கும் நிலையம் மாவட்டத்துக்குள் இருக்கவேண்டும், உள்ளூர் ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்களுக்கு அங்கே பயிற்சி தரவேண்டும் என்று நிபந்தனை போடுவது. ஒப்பந்தம் முடியும்போது மென்பொருளின் கடவுச்சொல்லும் இத்தனை வருடம் சேர்ந்த தகவலும் மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்படவேண்டும் என்று எழுதிவைப்பது. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் இது இல்லாவிட்டால் அடுத்த ஒப்பந்ததாரர் பூஜ்யத்திலிருந்து தொடங்குவார், அல்லது பழையவரே கேட்ட விலையை வாங்குவார். அப்புறம் தனிமனித விவரம் இல்லாத தகவலை, அதாவது குடிநீர் அழுத்தம், வாய்க்கால் மட்டம், மழையளவு, பேருந்து வரும் நேரம் போன்றவற்றை, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி திறந்துவைப்பது. மாநகராட்சி, நீர்வளத்துறை, நுகர்பொருள் வாணிபக் கழகம் மூன்றும் தனித்தனியாகக் கருவி வாங்கித் தனித்தனித் திரையில் பார்ப்பதை நிறுத்தி, ஒரே தரத்தில் வாங்க ஒப்புக்கொள்வதுதான் இவற்றில் கடினமானது, ஏனென்றால் மூன்று துறையின் கோப்புகளும் மூன்று வெவ்வேறு மேசைகளுக்குப் போகின்றன. தஞ்சாவூரில் அந்த மூன்று துறையையும் ஒரே அறைக்கு அழைக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு இருக்கிறது, அடுத்த குறுவைக்கு முன்னால் அந்தக் கூட்டத்தைக் கூட்டச் சொல்லி விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகவே கொடுக்கலாம்.